அப்பாவின்ர பழைய காது மெசினை மாத்தப் போறம்: எந்த வசதிக்குக் காசு குடுக்கலாம்?

புதுக்குடியிருப்பு_மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 68 வயது, இன்னும் வயலுக்குப் போறவர். வலது காதில மட்டும் பழைய மெசின் ஒண்டு, காதுக்குப் பின்னால கொழுவி, சத்தத்தைச் சில்லால கூட்டிக் குறைக்கிற வகை. கூட்டினா கூவுது, குறைச்சா கேக்குதில்லை. "சத்தம் கேக்குது, சொல்லுத்தான் விளங்குதில்லை" எண்டுறார். புதுசா எடுத்த ஓடியோகிராமில (எந்தச் சுருதி எவ்வளவு கேக்குது எண்டு அளந்த படம்) ரெண்டு காதும் ஏறக்குறைய ஒண்டுதான்: 250 ஹேர்ட்ஸில 30 டெசிபல், 500இல 40, 1000இல 50, 2000இல 65, 4000இல 80. காதுக்குப் பின்னால எலும்பில அதிர்வு வைச்சு, எலும்பு வழி எடுத்ததும் அதே அளவுதான். சீழ் வடியிறதில்லை.
ஒரு காதுக்கு விலை கூடினது வாங்கிறதோ, ரெண்டுக்கும் நடுத்தரமா வாங்கிறதோ? சார்ஜ் பண்ணுறதோ, பற்றரி போடுறதோ? கனடாவில இருக்கிற அண்ணா அங்க வாங்கி அனுப்பிறன் எண்டுறார். சரிவருமோ?

கேள்திறன்_கிளிநொச்சி:
தங்கச்சி, இந்த அளவுக்கு ரெண்டு காதுக்கும் நடுத்தரமானது தான் சரி. எந்தப் பக்கத்தால கூப்பிடுகினம் எண்டு பிடிக்கவும், சத்தத்துக்குள்ள பேச்சைப் பிரிக்கவும் ரெண்டு காதும் சேர்ந்து வேலை செய்யவேணும்.

அப்பா சொல்லுறதுக்குக் காரணம் அந்த ஓடியோகிராமிலயே இருக்கு. உயிரெழுத்துகளின்ர பலம் தாழ்ந்த சுருதியில. ச, த, ட மாதிரி எழுத்துகளைப் பிரிச்சுக் காட்டுற பகுதி கூடுதலா 2000, 4000 பக்கம். அங்கதான் அவருக்கு 65, 80; எண் கூடினால் குறைபாடும் கூட. பட்டும் பத்தும் ஒண்டாத்தான் கேக்கும். சில்லைத் திருப்பினா எல்லாச் சுருதியும் சேர்ந்து ஏறுது. புது டிஜிட்டல் மெசின் ஒவ்வொரு சுருதிக்கும் தனியா, மெல்லிய சத்தத்துக்குக் கூடவும் பெரிய சத்தத்துக்குக் குறையவும் ஏத்தும். மாத்திறதால வாற பெரிய நன்மை இதுதான்.

கூவல் வேற விஷயம். காது அச்சால (காதின்ர அளவுக்கு வார்த்து உள்ளுக்க வைக்கிற துண்டு) கசியிற சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போறதால வாறது. மெசினைக் கழட்டி, அச்சின்ர துளையை விரலால இறுக்கி மூடி, சத்தத்தைக் கூட்டிப் பாருங்கோ. கூவல் நிண்டால் மெசினும் குழாயும் சரி, அச்சு காதுக்குத் தளர்வு. நிக்காட்டி குழாயைக் கழட்டி, மெசின்ர கொக்கி வாயை மூடுங்கோ. இப்ப நிண்டால் குழாய் வெடிச்சிருக்கு. அப்பவும் கூவினா கொக்கியில அல்லது மெசினுக்குள்ள கசிவு. குழாய் 3 தொடக்கம் 6 மாதத்தில இறுகிப்போகும், மாத்தவேணும்.

புதுசு காதுக்குப் பின்னால இருக்கிற, ஒலிவாங்கி மேலயும் சின்ன ஸ்பீக்கர் காதுக்குள்ளயும் வாற வகையா எடுக்கலாம். ஸ்பீக்கர் 'பவர்' தரமா இருக்கவேணும், சாதாரண தரம் 4000இல 80க்குப் போதாமல் போகலாம். நுனிக்கு திறந்த ரப்பர் டோம் (ஓட்டை விட்ட குடை மாதிரி நுனி) வேண்டாம், சத்தம் வெளியால போய்த் திரும்பக் கூவும். 1 மில்லிமீற்றர் அளவு காற்றுத் துளை விட்ட அச்சுத்தான் நல்லது. அளவு எடுக்க முதல் காதுக்குறும்பியை டொக்டரிட்டை எடுப்பிச்சுப் போடுங்கோ.

பொருத்திற இடத்தில 'ரியல் இயர்' அளவு எடுப்பினமோ எண்டு கட்டாயம் கேளுங்கோ. மெல்லிய குழாயொண்டைக் காதுக்குள்ள விட்டு, செவிப்பறைக்குக் கிட்டப் போய்ச்சேருற சத்தத்தை அளக்கிறது. அது இல்லாட்டி கணினி சொன்ன மதிப்பீட்டோட அனுப்பிவிடுவினம். சனல் (சுருதியைப் பிரிச்சுத் தனித்தனியா அமைக்கிற பகுதி) 16, 20, 32 எண்டு எண்ணிக்கை சொல்லி விலை ஏத்தினால் மயங்கவேண்டாம்; சரியா அளந்து பொருத்தின 12 சனல், அளக்காமல் விட்ட 32 சனலைவிட நல்லாக் கேக்கும்.

மாங்குளம்_சந்தி:
வயலுக்குப் போறவர் எண்டதால என்ர கருத்து: 13ஆம் நம்பர் பற்றரி, செம்மஞ்சள் ஒட்டுக் கொண்டது. ஒண்டு 1 தொடக்கம் 2 கிழமை போகும். 6 இருக்கிற ஒரு அட்டை ரெண்டு மெசினுக்கும் 3 தொடக்கம் 6 கிழமை. 312 சின்னது, வயசான விரலுக்குக் கஷ்டம். ஒட்டைக் கழட்டினவுடன போடாமல் 3, 4 நிமிசம் காத்துப் பிடிக்க விடுங்கோ. ஒட்டைத் திரும்ப ஒட்டினாலும் மிச்சப்படாது. பேரப்பிள்ளையள் விழுங்கினா உயிராபத்து, உயரத்தில வையுங்கோ.

சார்ஜ் வகை 3, 4 மணித்தியாலத்தில ஏறி ஒரு நாள் போகும். மாரியில கரண்ட் போற ஊருக்கு யூஎஸ்பி சார்ஜர் எண்டால் பவர் பாங்கால சமாளிக்கலாம். ஆனால் நாலஞ்சு வருசத்தில லித்தியம் இளைச்சுப்போகும், வீட்டில மாத்த ஏலாது. மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்ள வெயில்ல விட்டால் இன்னும் வேளைக்குப் போகும்.

எங்கட சூட்டுக்கு எதிரி வியர்வைதான். தூசி, தண்ணி தாங்கும் எண்டதுக்கு ஐபி68 எண்டு எழுதியிருக்கும். அது நல்ல தண்ணியில பார்த்த சோதனை, உப்பு வியர்வைக்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு இரவும் உலர்ந்த சீலையால துடைச்சு, பற்றரியை எடுத்து, கதவைத் திறந்தபடி சிலிக்கா ஜெல் போட்ட மூடின போத்தலுக்குள்ள வையுங்கோ. பற்றரியை அதுக்குள்ள போடவேண்டாம், காய்ஞ்சுபோகும். நெல்லுக்கு மருந்தடிக்கேக்கயும் எண்ணெய் வைச்சு முழுகேக்கயும் கழட்டவேணும். லாண்ட்மாஸ்ரர் ஓட்டேக்கயும் கழட்டிப்போட்டு காதுக்கு மஃப் போடச் சொல்லுங்கோ. மிச்சமிருக்கிற கேக்கிற திறனையும் அந்தச் சத்தம் தின்னும்.

திடீரெண்டு சத்தம் குறைஞ்சால் முதல்ல ஸ்பீக்கர் நுனியில இருக்கிற குறும்பி வடியைப் பாருங்கோ. கம்பனி தாற குச்சியின்ர ஒரு முனையால பழசை இழுத்து, மறுமுனையால புதுசை அழுத்தவேணும். ஊசி குத்தினா ஸ்பீக்கர் போச்சு.

வவுனியா_செவி:
கனடாவால அனுப்பிறது பற்றி. கருவி நல்லதாயிருக்கும், அமைக்க ஆள் வேணுமே. சில சங்கிலிக் கடையள் விக்கிற கருவியை வேற இடத்து மென்பொருள் திறக்காது; வாரண்டியும் கனதரம் வாங்கின நாட்டுக்குத்தான். அண்ணா காசை அனுப்பட்டும், இங்க பொருத்திற இடத்தில வாங்குங்கோ. அமெரிக்காவில 2022 ஒக்டோபரில இருந்து பரிசோதனைச் சீட்டு இல்லாமல் கடையில விக்கிற வகை லேசான, நடுத்தரக் குறைபாட்டுக்குத்தான், அப்பாவுக்குப் போதாது.

புளூடூத்தைவிட நான் முன்னுக்கு வைக்கிறது தூரத்தில இருந்து திருத்துற வசதி. முதல் தரம் நேரில பொருத்தினாப் பிறகு, ஸ்மார்ட் போன் செயலியூடா ஓடியோலொஜிஸ்ட் (காது அளந்து மெசின் பொருத்திறவர்) இருந்த இடத்தில இருந்தே அளவை மாத்தலாம். புதுக்குடியிருப்பில இருந்து ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் யாழ்ப்பாணமோ கொழும்போ போறது ஏலுமோ? முதல் ரெண்டு மாதத்தில மூண்டு நாலு தரம் திருத்த வரும். மூளை பழகவேணும் எண்டு தொடக்கத்தில சத்தத்தைக் குறைச்சுத்தான் விடுவினம்.

மைக் திசை பிடிக்கிற வசதி, ஆள் முன்னால ரெண்டு மீற்றருக்குள்ள நிண்டு சத்தம் பின்னால வந்தாத்தான் நல்லா உதவும். கோயில் மண்டபத்து எதிரொலியில அவ்வளவு பலன் இல்லை, அப்பாவைச் சுவருக்கு முதுகு காட்டி இருத்துங்கோ.

இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும்: ஷெல் வெடிச்சுக் காதுப்பறை கிழிஞ்சு, இப்பவும் சீழ் வடியிற காதுக்கு அச்சால அடைச்சால் இன்னும் மோசமாகும். முதல்ல ஈஎன்ரி டொக்டர். எலும்பு வழி கேக்கிறது நல்லா இருந்தால் பறையை ஒப்பரேசனால அடைக்கலாமோ எண்டு கேளுங்கோ, எலும்பு வழிக் கருவியும் இருக்கு. ஒரு காது திடீரெண்டு ஒரு நாளில அடைச்சுக் கேக்காமல் போனால் மெசின் தேடவேண்டாம், அண்டைக்கே ஆஸ்பத்திரி.

புதுக்குடியிருப்பு_மகள்:
நன்றி. விரலால மூடிப் பார்த்தம், கூவல் நிண்டிட்டுது. அப்ப அச்சுத்தான். அப்பாட்டை இருக்கிறது பட்டன் போன், செயலி ஏறாதே?

வவுனியா_செவி:
திருத்திறதுக்கு உங்கட போன் காணும். அந்த நேரம் அப்பா பக்கத்தில இருந்து மெசினைப் போட்டிருந்தாச் சரி. பட்டன் போனில கோல் வந்து நேரா ரெண்டு காதிலயும் கேக்கவேணும் எண்டால் சாதாரண புளூடூத் பேசுற மெசினாக் கேளுங்கோ, போனாக் கம்பனியில சில மொடல் அப்பிடி. மற்றவை கனதுக்கு ஐபோனோ, மெசினுக்கு ஒத்துவாற அன்ட்ரொயிட்டோ வேணும். வாங்க முதல் அந்தப் பட்டன் போனையே கொண்டுபோய், கடையில வைச்சு இணைச்சு, உங்கட போனால கோல் எடுத்துப் பாருங்கோ. பில்லில ரெண்டு மெசின்ர சீரியல் நம்பரும் எழுதுவிக்க மறக்கவேண்டாம்.