கைடட் பை வாய்சஸ்: முதல் தடவை கேட்டபோது உங்களுக்கு என்ன ஆச்சு?

கைடட் பை வாய்சஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பொலார்டின் பாட்டு முதன்முதலில் எப்படிக் காதில் விழுந்தது என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் மானம் போகிற கதைதான்.

ஒஹாயோவில் எம்.எஸ். படிக்கப் போன வருஷம். பழைய சிடி விற்கிற கடையில் ஐந்து டாலருக்கு 'பீ தவுசண்ட்' கிடைத்தது. 1994-இல் வந்த ஆல்பம், 20 பாட்டு, எல்லாம் சேர்த்தே 36 நிமிஷம்தான். அறைக்கு வந்து போட்டேன். முதல் பாட்டு 'ஹார்ட்கோர் யுஎஃப்ஓஸ்'. பின்னால் டேப் இரைச்சல், கிணற்றுக்குள் நின்று பாடுகிற மாதிரி குரல். சரி, போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஓரிடத்தில் கிதார் சட்டென்று காணாமல் போனது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, கிதார் மட்டும் இல்லை. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்தது.

கீறல் என்று முடிவு கட்டினேன். பனியன் துணியால் துடைத்தேன். ரூம்மேட் சொன்னானே என்று பற்பசை வைத்துத் தேய்த்தேன். கிதார் அதே இடத்தில் போனது. மறுநாள் பில்லோடு கடைக்குப் போனால், கவுண்டரில் இருந்த பெரியவர் சிடியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "முதல் பாட்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்தார். பதிவே அப்படித்தானாம். டேட்டன் நகரத்தில் வீட்டு அடித்தளத்திலும் கராஜிலும் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு பிடித்தது. டேப்பில் எப்படி விழுந்ததோ அப்படியே விட்டுவிட்டார்கள்.

* * *

பற்பசைக்காரரே, வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு 'ஏலியன் லேன்ஸ்'-இல் நடந்தது. 1995, 28 பாட்டு. ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்கிறேன், யாரோ குறட்டை விடுகிறார்கள். கழற்றிப் பார்த்தேன். வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாட்டினால் மறுபடியும் குறட்டை. 'எக்ஸ்-சூப்பர்மாடல்' என்ற அந்தப் பாட்டோடு கூடவே அது ஓடுகிறது!

நான் டீச்சர் என்பதால் பொலார்டின் கதை எனக்கு வேறு மாதிரி பட்டது. 14 வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், அதுவும் நாலாம் வகுப்புக்கு. 1992-இல் 'ப்ரொபெல்லர்' ஆல்பம் போட்டபோது, இதோடு மூட்டை கட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். 500 பிரதி, ஒவ்வொன்றுக்கும் கையால் செய்த வேறு வேறு அட்டை. ஆரம்பத்தில் ஒரு பெரிய கூட்டம் 'ஜீ பீ வீ, ஜீ பீ வீ' என்று குழுவின் பெயரைச் சுருக்கிக் கோஷம் போடும். கூட்டமாவது ஒன்றாவது! இவர்களே கத்தி இவர்களே பதிந்தது. யாரும் சீந்தாத காலத்தில் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கோஷம். அந்த ரெக்கார்டுதான் கைமாறிக் கைமாறி வெளியூர் கம்பெனிகள் காதுக்குப் போனது. 36 வயதில் வேலையை விட்டார். லீவ் லெட்டர் எழுதவே நாலு நாள் யோசிக்கிற ஆள் நான்.

* * *

எல்லாரும் புகழ்ந்தால் எப்படி? என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். 2000-இல் 'சூட்கேஸ்' என்று நாலு சிடி கொண்ட பெட்டி வந்தது. 100 பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு இசைக்குழுவின் பெயர் போட்டிருக்கும். ஒஹாயோவின் பழைய குழுக்களைத் திரட்டியிருக்கிறார்கள் என்று நம்பி, பிடித்த பெயர்களைத் தாளில் குறித்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. நூறும் பொலார்ட் விட்ட ரீல்!

2017-இல் 'ஆகஸ்ட் பை கேக்' வந்தபோது அது அவருடைய நூறாவது ஆல்பம் என்றார்கள். வரிசையாகக் கேட்டு முடிப்பேன் என்று சபதம் எடுத்து, பாதியில் கைவிட்டேன். ஒன்றரை நிமிஷத்தில் அருமையான மெட்டு வரும், பிடிக்கப் போகும்போது முடிந்துவிடும். அடுத்த மூன்றும் சுமார். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "இது வேண்டாம், அது இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கலாம்.

* * *

பற்பசைக்காரன் மறுபடியும். சுமார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரில் பார்த்தபோது வாய் அடைத்துவிட்டது. அறுபதைத் தாண்டிய மனிதர், பக்கத்தில் ஐஸ் பெட்டி நிறைய பீர், மைக்கைச் சுழற்றிக்கொண்டே தலை உயரத்துக்குக் காலை வீசினார். ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் பந்து வீசியவர், அந்த உடம்பு. நாற்பது பாட்டுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த முதல் பாட்டும் வந்தது. கிதார் எங்கேயும் போகவில்லை, கடைசிவரை ஒழுங்காக இருந்தது. எனக்குத்தான் அந்த இடத்தில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது.

சிடி இன்னும் இருக்கிறது. பற்பசை தேய்த்த புண்ணியத்தில் பதினோராவது பாட்டு இப்போது நிஜமாகவே தாவுகிறது.