முதுகில் குழந்தை: துணை இல்லாமல் பழகலாமா?

நிலாமுற்றம்:
என் மகளுக்கு எட்டு மாதம். தலை நின்று, பிடிமானம் இல்லாமல் நன்றாக உட்காருகிறாள். இதுவரை கேரியரில் (குழந்தையை உடலோடு கட்டிச் சுமக்கும் வார் வைத்த துணிப்பையில்) முன்பக்கமே வைத்துத் தூக்கினேன். இப்போது அவள் தலை என் முகவாயில் இடிக்கிறது. படியிறங்கும்போது என் கால்களே எனக்குத் தெரிவதில்லை. முதுகுக்கு மாற்ற நான்கு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் அவள் என் விலாவைத் தாண்டும் நொடியில் கை நடுங்கி, மறுபடி முன்னால் இழுத்துக்கொள்கிறேன். பகலில் வீட்டில் நாங்கள் இருவர்தாம். தனியாகப் பழகலாமா, யாராவது உடனிருக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டுமா?

வேப்பங்காற்று:
காத்திருங்கள். முன்னால் இருக்கும் குழந்தையின் மூச்சும் முகமும் உங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. முதுகுக்குப் போய்விட்டால் எதுவும் தெரியாது. 2010இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், தோளில் தொங்கவிடும் துணித் தூக்கிகளில் (ஸ்லிங்) 20 ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்ததாக எச்சரித்தது. அப்படியிருக்க, பார்வைக்கு அப்பால், நடுங்கும் கையோடு ஏன் வைக்க வேண்டும்? அந்த நடுக்கத்தை மதியுங்கள்.

மூன்று பிள்ளைத் தாய்:
அந்த எச்சரிக்கையை முழுமையாகச் சொல்ல வேண்டும். அந்த 14 பேரில் 12 பேர் நான்கு மாதம் நிரம்பாதவர்கள். தலை நிற்காத வயது. முகம் துணியில் அழுந்தினாலும், முகவாய் மார்பில் மடிந்தாலும், தாமாக விலக்கிக்கொள்ள வலுவற்றவர்கள். எட்டு மாதக் குழந்தையோடு அதை ஒப்பிட்டு ஒரு தாயைப் பயமுறுத்துவது நியாயமில்லை.

நிலாமுற்றம், உங்கள் பயம் முழுவதும் ஒரே ஒரு நொடியில் இருக்கிறது. அதைத் தனியே எடுத்துப் பழகுங்கள். தரையில் மெத்தையை விரித்து நடுவில் முழங்காலிட்டு உட்காருங்கள். இடுப்புவாரை வழக்கத்தைவிடச் சற்று மேலே இறுக்குங்கள். குழந்தையை ஒக்கலில் வைத்து, கேரியரின் துணியை அவள் முதுகின்மேல் இழுத்துப் பிடியுங்கள். இப்போது முன்னால் நன்றாகக் குனிந்தபடி, அவளைத் துணியோடு சேர்த்து உங்கள் அக்குளுக்கு அடியில் பின்னால் நகர்த்துங்கள். குனிந்திருக்கும்வரை உங்கள் முதுகு ஒரு மேசை. அவள் அதன்மேல் படுத்திருக்கிறாள், தொங்கவில்லை. முதல் நாள் அதோடு நிறுத்தி, வந்த வழியே ஒக்கலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதற்கும் முன்பாக, ஒரு கனமான பொம்மையை வைத்துப் பத்து முறை செய்து பாருங்கள்.

வேப்பங்காற்று:
பொம்மை துள்ளாது. குழந்தை துள்ளும். நான் கற்பனையில் பேசவில்லை. என் மகனுக்குப் பத்து மாதம் இருக்கும்போது, இரண்டாவது தோள்வாருக்குள் நான் கை நுழைத்த நேரத்தில் வில்போல் பின்னால் வளைந்தான். தற்செயலாக என் கணவர் பின்னால் நின்றிருந்தார், பிடித்துவிட்டார். அவர் அங்கே இல்லாதிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அப்பா தோள்:
வேப்பங்காற்று, நீங்கள் பட்டதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்போது துணி அவன் முதுகில் எதுவரை ஏறியிருந்தது? உங்கள் இன்னொரு கை எங்கே இருந்தது?

வேப்பங்காற்று:
பாதி முதுகுவரை. இன்னொரு கையால் வாரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா தோள்:
நானும் அங்கேதான் தடுமாறினேன். இரண்டு தோள்களும் வாருக்குள் போகும்வரை ஒரு கை குழந்தையை விட்டு அகலக்கூடாது. முதல் தோள் நுழைந்ததும் அந்த வாரை முன்னால் இழுத்துப் பிடித்தால் துணி அவன்மேல் இறுகிக் கிடக்கும்; மறு தோளை அதன்பிறகு நுழைக்க வேண்டும். துணி தோள்பட்டைவரை ஏறியிருந்தால் வளைந்தாலும் வெளியே சரிய மாட்டான். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் பிள்ளைகள் அதிகம் வளைவார்கள். அந்த நேரத்தில் பழகவே வேண்டாம்.

துணையைப் பற்றியும் சொல்கிறேன். இரண்டு வாரம் என் மனைவிதான் குழந்தையைத் தூக்கி என் முதுகில் வைத்தாள். அவள் வெளியே போன நாளில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எடை எந்த இடத்தில் இடம் மாறுகிறது என்று என் உடல் கற்றுக்கொள்ளவே இல்லை. பின்னால் நிற்பவர் கையை ஏந்திக்கொண்டு நிற்கட்டும், தொடக்கூடாது.

வேப்பங்காற்று:
தொடாமல் நிற்பது சரி, ஏற்கிறேன். ஆனால் ஒருவர் நிற்க வேண்டும் என்பதில் மாற மாட்டேன். கையை விடக்கூடாது என்று எனக்கும் தெரியும். பதற்றத்தில் மறந்தேன். பழகும் நாட்களில்தான் பதற்றம் அதிகம்.

நிலாமுற்றம்:
நீங்கள் அனைவரும் ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிகிறது. ஏற்றிவிட்டால் தனியாக எப்படி இறக்குவேன் என்பதுதான் என் கையை நடுங்க வைக்கிறது. அக்கா, அதைச் சொல்லுங்கள்.

மூன்று பிள்ளைத் தாய்:
அதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கட்டிலில் நன்றாகப் பின்தள்ளி, அவள் பிட்டம் மெத்தையில் பதியும்வரை உட்காருங்கள். எடை மெத்தைக்குப் போய்விட்டதை உணர்வீர்கள். அதன்பின் மார்புவாரைக் கழற்றுங்கள். பிறகு ஒரு கையைப் பின்னால் வைத்து அவளைப் பிடித்தபடி ஒவ்வொரு தோளாக வெளியே எடுங்கள். இடுப்புவார் கடைசி. உடனே திரும்பி அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டில் விளிம்பில் விட்டுவிடக்கூடாது. ஏற்றுவதற்கு முன்பே இதைப் பொம்மையோடு பழகுங்கள்.

ஏற்றியபிறகு பார்க்க வேண்டியவை: அவள் முழங்கால்கள் பிட்டத்தைவிட உயரத்தில், தொடை முழுவதும் துணி தாங்கியிருக்க வேண்டும். உயரமாக ஏற்றினால், உங்கள் தோளுக்கு மேலாக அவள் பார்க்கும் அளவுக்கு, எடை பின்னால் இழுக்காது. தாழ்ந்து தொங்கினால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கைபேசியின் முன்கேமராவைத் தோளுக்கு மேல் நீட்டினால் அவள் முகம் தெரியும்.

வேப்பங்காற்று:
இன்னும் சில. உங்கள் கேரியரின் குறிப்பேட்டில் முதுகுப் பயன்பாட்டுக்கு என்ன வயது, என்ன எடை என்று பாருங்கள். சில கேரியர்கள் முதுகுக்கே உரியவை அல்ல. கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது அவளும் இருக்கிறாள், வாசல் நிலையில் அவள் கையோ தலையோ இடிக்கும். அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம். பின்னாலிருந்து அவள் கை எங்கே நீள்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அப்பா தோள்:
இதில் ஒரு வரிக்குக்கூட நான் மறுப்புச் சொல்லவில்லை.

நிலாமுற்றம்:
நேற்று மாலை என் தங்கை வந்தாள். பின்னால் கையேந்தி உட்கார வைத்தேன், தொடக்கூடாது என்று சொல்லி. பகலிலேயே பொம்மையோடு இறக்கிப் பழகியிருந்தேன். முதல் முறை பாதியில் திரும்பினேன். இரண்டாம் முறை கை நடுங்கியது, ஆனால் அவளை முன்னால் இழுக்கவில்லை. மூன்றாம் முறை எழுந்து நின்றேன். உப்புமூட்டை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். ஆறு நிமிடம் அறைக்குள்ளேயே நடந்தேன். அவள் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. முகம் தெரியாவிட்டால் எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை.

வேப்பங்காற்று:
படிக்கும்போது எனக்கும் நிம்மதியாக இருந்தது. தங்கை எத்தனை நாள் இருப்பாள்?

நிலாமுற்றம்:
ஞாயிறுவரை. அதற்குள் பத்து முறையாவது ஏற்றி இறக்கிவிடுவேன். திங்கட்கிழமை தனியாக, மெத்தைமேல் முழங்காலிட்டு.