தெஹ்ரானில் ஒரு ரொட்டிக் கடை வாசல்

ஈரான் தெருக்கள் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு ரொட்டிக் கடைதான். வேலை விஷயமாக மூன்று வாரம் தெஹ்ரானில் இருந்தேன். தங்கிய இடம் வலீ அஸ்ர் சாலையை ஒட்டிய ஒரு சந்து. அதன் முனையில் சங்கக் என்கிற ரொட்டி சுடும் கடை. ‘சங்’ என்றால் பாரசீகத்தில் கல். அடுப்புக்குள் சரிவாகப் பரப்பிய பொடிக் கூழாங்கற்களின்மேல் மாவை விரித்துச் சுடுவதால் அந்தப் பெயர்.

முதல் நாள் காலை ஆறரைக்குப் போனபோது வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். கடைசியில் போய் நின்றேன். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, ஒரு விரலைக் காட்டி “யெகி?” என்றார். ஆமாம், ஒன்றுதான் என்று தலையாட்டினேன். உடனே தோளைத் தொட்டுப் பக்கத்து வரிசைக்கு அனுப்பினார். அங்கே இரண்டே பேர். ஒற்றை ரொட்டி வாங்குகிறவர்களுக்கு வரிசை தனி!

ரொட்டி ஏறக்குறைய என் கை நீளம். அடுப்படியில் நிற்பவரை ‘ஷாதெர்’ என்கிறார்கள். அவர் நீளக் கம்பியால் அதை இழுத்துக் கம்பிவலை மேசைமேல் போடுவார். அடியில் ஒட்டியிருக்கும் கற்களை வாங்குகிறவர்தான் எடுக்க வேண்டும். பெரியவர் செய்து காட்டினார். கவிழ்த்துப் போட்டு உள்ளங்கையால் வருடினால் கல் தட்டுப்படும், நகத்தால் நெம்பினால் விழும். ஒன்றை விட்டாலும் பல் போய்விடும் என்று சைகையிலேயே எச்சரித்தார்.

அப்புறம் பணம். நம் வங்கி அட்டை எதுவும் அங்கே செல்லாது, நோட்டுக் கட்டோடுதான் அலைய வேண்டும். வாயால் சொல்லும் விலை தொமானில், நோட்டில் அச்சடித்திருப்பது ரியாலில். பத்து ரியால் ஒரு தொமான். நான் தடுமாறுவதைப் பார்த்த ஷாதெர் நெஞ்சில் கை வைத்து “காபேல் நதாரே” என்றார். உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்கிற மாதிரி. அது தாரோஃப், அவர்கள் மரியாதை. இரண்டு மூன்று முறை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வார்கள் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நானும் வற்புறுத்தினேன். அவர் கடைசிவரை வாங்கவே இல்லை. மறுநாள்தான் வாங்கினார்.

ரொட்டியைக் கையில் மடித்துக்கொண்டு வலீ அஸ்ரில் நடப்பேன். தெற்கே ரயில் நிலையத்திலிருந்து வடக்கே தஜ்ரீஷ் வரை சுமார் 18 கிலோமீட்டர், இருபக்கமும் சினார் மரங்கள். மரத்தடியில் ‘ஜூப்’ என்கிற திறந்த வாய்க்கால். மலைப்பக்கத்துத் தண்ணீர் அதில் சலசலவென்று தெற்கே ஓடும். அவ்வளவு வாகன இரைச்சலிலும் அந்தச் சத்தம் காதில் விழும். அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் இஸ்ஃபஹான் போனேன். அங்கே ஸாயந்தெரூத் ஆறு வறண்டு கிடந்தது. வருடத்தில் பெரும்பகுதி அப்படித்தானாம். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் காஜூ பாலத்து வளைவுகளுக்கு அடியில் வயதானவர்கள் கூடி, ஒருவர் மாற்றி ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்கள். கல் வளைவு அந்தக் குரலை அப்படியே வாங்கித் திருப்பித் தரும். அருகில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தார் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குடிக்கச் சொன்னார்கள். இருட்டும்வரை அங்கேயே இருந்தேன்.

அந்த ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம் அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எனக்கு அதைக் கேட்க வேண்டும்.