அகதிகளுக்கு அரசு முதலில் செய்ய வேண்டியது என்ன?

நெடுவழி:
அகதிகளுக்கு உதவி என்றாலே கூடாரம், போர்வை, உணவுப் பொட்டலம் என்றுதான் பேச்சு போகிறது. அதெல்லாம் முதல் சில வாரங்களுக்குச் சரி. அப்புறம்? கென்யாவின் தடாப் முகாம் 1991இல் தொடங்கியது, அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஓர் அரசு உண்மையாகவே மனது வைத்தால் முதலில் எதை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

கரையோரம்:
வேலை செய்யும் உரிமை, என்னைக் கேட்டால் அதுதான். உகாண்டா பணக்கார நாடு இல்லை, ஆனால் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளை வைத்திருக்கிறது, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலை பார்க்கவும் நாட்டுக்குள் எங்கும் போய்வரவும் உரிமை கொடுத்திருக்கிறது, குடியேற்றப் பகுதிகளில் பயிர் செய்யத் துண்டு நிலமும் உண்டு. வருகிற உதவியில் 30 சதவீதம் சுற்றியிருக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்பது அங்கே கொள்கை. இது ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் 'அவங்களுக்கு மட்டும்தானா' என்ற பொருமல் வரத்தான் செய்யும். குறை இல்லாமல் இல்லை. கூட்டம் கூடக் கூட நிலத்துண்டு சுருங்கிக்கொண்டே போகிறது, வெளிநாட்டுப் பணமும் குறைகிறது. பிரிட்டனிலோ புகலிட மனு போட்டவர் 12 மாதம் காத்திருந்த பிறகுதான் வேலைக்கு அனுமதியே கேட்க முடியும். கை கால் திடமாக இருக்கிற மனிதரைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, அரசுக்குச் சுமை என்று அவரையே குறை சொல்வது எனக்குத் தாங்கவில்லை.

மழைவிட்டவானம்:
வேலை வேண்டும்தான், ஆனால் அதற்கு முன்னால் புகலிட மனுவை விசாரிக்கும் அறை இருக்கிறது. நான் சில வருடம் மொழிபெயர்ப்பாளராக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோன ஒரு பிறப்புச் சான்றிதழ். எந்தத் தேதியில் வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள் என்று கேட்டார்கள். "மழை விட்ட மறுநாள்" என்றார். தேதிதான் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்க, பயந்துபோய் ஒரு தேதி சொன்னார். அடுத்த விசாரணையில் வேறு தேதி. முன்னுக்குப் பின் முரண் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே விளக்கியிருப்பார். முதல் நாளிலிருந்தே இலவச வழக்கறிஞர், அவர்கள் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர், இது இரண்டும் இல்லாமல் அகதிகளின் உரிமைகளைச் சொல்லும் 1951 சர்வதேச உடன்படிக்கையில் என்ன எழுதியிருந்தும் அந்த அறைக்குள் அது வந்து சேராது.

வெளிச்சம்:
எல்லாரையும் ஒவ்வொருவராக விசாரிக்கத்தான் வேண்டுமா? கொலம்பியா 2021இல் வெனிசுவேலாவிலிருந்து வந்தவர்களுக்கு மொத்தமாக 10 வருடத் தற்காலிகப் பாதுகாப்பு அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி ஒரு சட்டம் 2001இலேயே இருந்தும் 2022 மார்ச்சில் உக்ரைன் மக்களுக்காகத்தான் முதன்முறை வெளியே எடுத்தார்கள். 2015இல் சிரியர்கள் வந்தபோது அலமாரியிலேயே கிடந்தது. வழி இல்லாமல் இல்லை, யாருக்குத் திறப்பது என்பதில்தான் ஓரவஞ்சனை.

நெடுவழி:
நன்றி எல்லாருக்கும். மழைவிட்டவானம், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன், மனுவைத் தள்ளினாலும் மேல்முறையீடு முடியும்வரை திருப்பி அனுப்ப மாட்டார்கள்தானே?

மழைவிட்டவானம்:
எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்று உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் சில நாடுகளில், சில வகை மனுக்களுக்கு, நாடுகடத்தலை நிறுத்தச் சொல்லித் தனியாக நீதிமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும், அதற்குக் கெடு சில நாட்கள்தான். மறுப்புக் கடிதம் அவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் வரும். யாரையாவது தேடிப்பிடித்துப் படித்துக் காட்டச் சொல்வதற்குள் அந்தக் கெடுவில் பாதி போய்விடுகிறது.