"பகுதி மயக்கம்" வேண்டாமே: ரீஜனல் அனஸ்தீசியாவுக்கு "மரப்பூட்டல்"

நண்பர்களுக்கு வணக்கம்.

உடலின் ஒரு பகுதியில் மட்டும் வலி தெரியாமல் செய்யும் ரீஜனல் அனஸ்தீசியாவுக்குத் தமிழில் "பகுதி மயக்கம்" என்று சொல்லலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். முதுகெலும்பு அறுவையை வைத்து யோசித்தால் இந்தச் சொல் நோயாளியைக் குழப்பும். இடுப்புப் பகுதியில் பிதுங்கிய டிஸ்க்கை எடுக்கும் ஆபரேஷனை முழு மயக்கம் தராமலும் செய்கிறார்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே வலி தெரியாது, காலையும் அசைக்க முடியாது. ஆனால் ஆள் மயங்குவதில்லை. தொண்டையில் குழாய் இல்லாமல் தானே மூச்சு விடுகிறார். குப்புறப் படுக்கும்போது கையையும் தலையையும் தனக்குத் தோதாக வைத்துக்கொள்கிறார். ஒப்புதல் படிவத்தில் "பகுதி மயக்கம்" என்று படிப்பவர், அரைகுறையாக மயங்கிக் கிடப்போம், நடுவில் வலிக்கும் என்றுதானே பயப்படுவார்?

அதற்குப் பதில் "உணர்விழப்பு" என்று வைத்தால், அசைவும் போவது அதில் வராது. மரத்துப்போவது என்றால் இரண்டும் வந்துவிடும்.

சரி, டிஸ்க் நோயாளி "கால் மரத்துப்போகுது" என்று சொல்லித்தானே டாக்டரிடம் வருகிறார், நோய்க்கும் சிகிச்சைக்கும் ஒரே சொல்லா? நியாயமான கேள்வி. அதனால்தான் "மரப்பு" என்று நிறுத்தாமல் "மரப்பூட்டல்" என்கிறேன். இந்த வேறுபாடு வார்டிலும் உதவும். ஊட்டிய மரப்பு விலகச் சில மணி நேரம் ஆகும். அதுவரை காலை அசைக்கச் சொல்லி நரம்பைச் சோதிக்க முடியாது. இந்த முறையின் உண்மையான குறை அது. நெடுநேர அறுவைக்கு ஒற்றை ஊசி போதாது என்பது இன்னொன்று.

இதில் ஒரு வகையான ஸ்பைனலுக்குத் "தண்டுவட மரப்பூட்டல்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே, பெரும்பாலும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே. மருந்து கலப்பது தண்டுவடத்தைச் சுற்றிய உறைக்குள் இருக்கும் நீரில். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் கொக்கெய்னைச் செலுத்தியதும் அந்த நீரில்தான். ஆகவே "தண்டுநீர் மரப்பூட்டல்" என்போம். ஊசி தண்டுவடத்தையே குத்திவிடுமோ என்று நடுங்குகிறவர்களுக்குச் சொல்லே பாதி தைரியம் தரும்.

இன்னொரு வகையான எபிடியூரலில் ஊசி அந்த உறையைத் தாண்டி உள்ளே போவதில்லை, மருந்தை வெளிப்புறத்திலேயே செலுத்துகிறார்கள். அதற்கு "உறைப்புற மரப்பூட்டல்" என்று வைத்திருக்கிறேன். வாயில் சுலபமாக வரவில்லை என்பது தெரிகிறது. இதைவிட எளியது இருந்தால் அனுப்புங்கள்.