மனோசக்தி கேரக்டரை உங்கள் டேபிளில் விடுவீர்களா?

ஞாயிறு_டிஎம்

நாங்கள் ஆடுவது டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பு, ஆளுக்கொரு கேரக்டரை வைத்துப் பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம். கதையை நடத்தும் டிஎம் நான். வாள், மந்திரம், கோட்டை, டிராகன் என்று ஒரு வருடமாக ஓடும் தொடர்கதை (கேம்ப்பெய்ன்), இப்போது எல்லாரும் ஆறாம் லெவல். போன மாதம் ஒருவருடைய கேரக்டர் செத்துப்போனது, பதிலுக்கு அபெரன்ட் மைண்ட் சோர்சரர் ஒன்றைக் கொண்டுவந்தார், மனோசக்தி உள்ள மந்திரவாதி வகை. 2020இல் வந்த டாஷா என்ற கூடுதல் விதிப் புத்தகத்தில் இருப்பதுதானே என்று நானும் சரி சொல்லிவிட்டேன்.

முதல் நாளே வினை. அரண்மனை விருந்தில் மந்திரியிடமிருந்து ஒரு ரகசியத்தைக் கறக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் திட்டம் போட்டிருந்தார்கள், ஒருவர் பாடுவது, இன்னொருவர் ஒயினைக் கொட்டுவது, அந்தக் களேபரத்தில் மூன்றாமவர் சட்டைப்பையில் கைவிடுவது என்று. இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் சக்திக் கையிருப்பில் இரண்டு சோர்சரி பாயிண்ட் கழித்து, மனதைப் படிக்கும் டிடெக்ட் தாட்ஸ் மந்திரத்தைப் போட்டார். அப்படிப் போட்டால் வாய் திறக்க வேண்டாம், கை அசைக்க வேண்டாம். மந்திரி மீன் தின்று முடிப்பதற்குள் கதை முடிந்தது.

விசார்ட் (படித்து மந்திரம் கற்ற மந்திரவாதி) ஆடுபவருக்குச் செம கோபம். "நான் மந்திரம் முணுமுணுத்தால் காவலன் ஓடி வருகிறான், இவனுக்கு ஒன்றும் இல்லையா? இதெல்லாம் சயின்ஸ் ஃபிக்‌ஷன் சமாச்சாரம், இங்கே என்ன வேலை?" என்கிறார். தூக்கிவிடலாமா? நீங்கள் என்ன செய்வீர்கள்?

பழைய_பகடை

சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்ற பேச்சை முதலில் விடச் சொல்லுங்கள். 1976இல் எல்ட்ரிட்ச் விசார்ட்ரி புத்தகம் வந்தபோதே சையானிக்ஸ், அதாவது மனோசக்தி, டி அண்ட் டிக்குள் வந்தாகிவிட்டது. மைண்ட் ஃபிளேயர் என்ற ஜந்து மூளையை உறிஞ்சினால் ஃபேன்டஸி, நம் பக்கத்து ஆள் மனதைப் படித்தால் மட்டும் சயின்ஸ் ஃபிக்‌ஷனா?

ஆனால் அந்தக் காலத்து விதிகள் கண்றாவி, அதையும் சொல்லிவிடுகிறேன். 1978இல் வந்த விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அது ஒரு பின்னிணைப்பு. அறிவு, ஞானம், வசீகரம் மூன்றில் ஒன்றாவது 16க்குக் குறையாமல் இருந்தால் நூற்றுக்கு ஒரு பகடை உருட்டலாம், விழுந்தால் லாட்டரி. ஃபைட்டராக (வாள்வீரனாக) இருந்துகொண்டே இந்தச் சக்தியும் கிடைக்கும், பக்கத்தில் இருப்பவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இன்றுவரை பழைய ஆட்கள் சையானிக்ஸ் என்றாலே முகம் சுளிப்பதற்குப் பாதிக் காரணம் அந்தப் பின்னிணைப்பு.

ஒரே ஒரு நல்ல விஷயம் அந்தக் காலத்து விதிகளில் உண்டு. அந்தச் சக்தியைப் பயன்படுத்தினால் அதை மோப்பம் பிடித்துக்கொண்டு அதே வகை ஜந்துகள் வந்து சேர வாய்ப்பு இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஏன் அதை விட்டார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை

"சையானிக்ஸ் ஓவர் பவர்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் நாங்களே மாதக்கணக்கில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். 3.5 பதிப்பில் ஐந்தாம் லெவல் சையானிடம் (மனோசக்திக்காரனிடம்) செலவழிக்க 25 பவர் பாயிண்ட் இருக்கும். எனர்ஜி ரே என்ற தாக்குதல் ஒரு பாயிண்டுக்கு ஒரு ஆறுமுகப் பகடை. எங்கள் ஆள் 25ஐயும் ஒரே அடியில் கொட்டி, இருக்கிற பகடையெல்லாம் போதாமல் பக்கத்து வீட்டு லூடோவையும் வாங்கிவந்து உருட்டினார். பாஸ் காலி. அப்புறம்தான் ஒருவர் புத்தகத்தில் கை வைத்துக் காட்டினார், ஒரு சக்திக்கு உங்கள் லெவலுக்கு மேல் பாயிண்ட் செலவழிக்க முடியாது என்று. ஐந்து பகடைதான்! அந்த ஒரு வரியைத் தாண்டிப் போன டேபிள்கள் எத்தனையோ.

அதே பதிப்பில் மந்திரமும் மனோசக்தியும் ஒன்றுக்கொன்று செல்லும் என்பதுதான் பொது விதி, மந்திரத்தைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக் போட்டால் மனோசக்தியும் கலையும். வேண்டாம் என்றால் தனித்தனி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படி வைத்தால் உங்கள் விசார்ட் இன்னும் கத்துவார்.

அதாஸ்_வெயில்

டி அண்ட் டியின் பாலைவன உலகமான டார்க் சன் படித்துப் பாருங்கள் (1991). அங்கே கண்டபடி மந்திரம் போட்டால் சுற்றியிருக்கும் செடிகொடியின் உயிரை உறிஞ்சும், மண் சாம்பலாகும், அதனால் மந்திரவாதியைக் கண்டால் ஊரே அடிக்க வரும். மனோசக்தியோ ஆட்டக்காரர் எல்லார் கேரக்டருக்கும் கொஞ்சமாவது உண்டு, தெருவில் போகிறவனிடம்கூட இருக்கலாம். யாரும் "இது இங்கே ஏன்" என்று கேட்பதில்லை, உலகமே அதைச் சுற்றிக் கட்டியது. உங்கள் மந்திரிக்கு இப்படி ஒரு சக்தி உலகத்தில் இருப்பதே தெரியாதா? தெரிந்தால் விருந்துக்கு இப்படி வெறும் மண்டையோடு வந்து உட்காருவாரா?

கணக்குப்பிள்ளை

மேலே சொன்னது சரி. இன்னொன்று, டிடெக்ட் தாட்ஸில் சும்மா கிடைப்பது அந்த நொடியில் மேலாக ஓடும் எண்ணம் மட்டும்தான். மந்திரி மீன் தின்கிறார் என்றால் மீனில் முள் இருக்கிறதா என்பதுதான் கிடைக்க வேண்டும். யாராவது பேச்சுக் கொடுத்து ரகசியத்தின் பக்கம் இழுக்க வேண்டும், அதற்குப் பாட்டும் ஒயினும் தேவைப்படும். அதைவிட ஆழமாகத் தோண்டினால், மந்திரி பகடையில் தப்பித்தாலும் மாட்டினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டு ஆட்டக்காரரைக் குற்றம் சொல்கிறீர்கள்.

ஞாயிறு_டிஎம்

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். தூக்கவில்லை. பழைய_பகடை சொன்ன மோப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

நேற்று ஆடினோம். அதே மந்திரி, அதே நாற்காலி. இவர் மறுபடி சத்தமில்லாமல் உள்ளே போனார். நான் "பசி" என்று மட்டும் சொன்னேன். "வேறு?" என்றார். "பசி மட்டும்தான். அப்புறம் அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்" என்றேன். மந்திரியின் மண்டைக்குள் இப்போது உட்கார்ந்திருப்பது இன்டெலக்ட் டெவவுரர், மூளையைத் தின்று அந்த இடத்தில் குடியேறும் ஜந்து. மந்திரியின் மூளை போய் மூன்று நாள் ஆகிறது. டேபிளில் யாரும் பேசவில்லை. விசார்ட் ஆடுபவர்தான் மெதுவாக, "நீ இன்னொரு தடவை பார், நான் கதவைச் சாத்துகிறேன்" என்றார்.