அனுமதியின்றி மரம் வெட்டினால் அபராதத்தோடு முடிந்துவிடுமா?

கேள்வி: மனைநாடி

குடியிருப்பு கட்டுவதற்காக ஒரு காலி நிலத்தை வாங்கும் பேச்சில் இருக்கிறோம். நிலத்தில் முதிர்ந்த மரங்கள் பல நிற்கின்றன. அவற்றை வெட்ட உரிய அலுவலரின் அனுமதி வேண்டும் என்பதும், அது கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் நிலத்தைச் சமன்படுத்தித் தர முன்வந்துள்ள ஒப்பந்ததாரர், விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிட, கிரயம் முடிவதற்கு முன்பே விற்பவரின் பெயரில் எல்லாவற்றையும் வெட்டி, தூரையும் தோண்டி எடுத்துவிடலாம் என்கிறார். பிறகு யாரேனும் கேட்டால் அபராதத்தைக் கட்டிவிட்டால் போதும் என்றும், கட்டுமானத் தொழிலில் இருப்பவர்கள் அதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகத்தான் எழுதுகிறார்கள் என்றும் சொல்கிறார். எங்கள் பங்குதாரர்களில் சிலருக்கும் இந்த யோசனை பிடித்திருக்கிறது.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. தண்டனை உண்மையிலேயே அபராதத்தோடு நின்றுவிடுகிறதா? வெட்டியது முந்தைய உரிமையாளர் என்றால், வாங்கும் எங்களுக்கு அதில் பொறுப்பு வருமா? மரமும் தூரும் போன பிறகு எத்தனை மரங்கள் இருந்தன என்பதை எப்படிக் கணக்கிடுவார்கள்? ஒரு குறிப்பிட்ட நாட்டின் சட்டத்தை மட்டும் கேட்கவில்லை. இத்தகைய சட்டங்கள் பொதுவாக எப்படி இயங்குகின்றன என்பதை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி: வழக்குக்கட்டு

உங்கள் ஒப்பந்ததாரரின் கணக்கு ஒரு காலத்தில் பல இடங்களில் சரியாகவே இருந்தது. அதனால்தான் அது இன்னும் வாய்மொழியாக உலவுகிறது. டெல்லியின் 1994ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்படி அனுமதியின்றி மரம் வெட்டுவதற்கான அபராதத்தின் உச்சவரம்பு 1000 ரூபாய்தான். அந்தத் தொகையை மட்டும் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அதே பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது என்பதை ஒப்பந்ததாரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

தொகை சிறியது என்பதால் நீதிமன்றமும் அங்கேயே நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். தாஜ்மகாலைச் சூழ்ந்துள்ள பாதுகாப்பு மண்டலத்தில், மதுரா–விருந்தாவன் பகுதியில் இருந்த ஒரு தனியார் நிலத்தில் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் 454 மரங்கள் வெட்டப்பட்டன. அந்த மண்டலத்தில் மரம் வெட்ட உச்ச நீதிமன்றத்தின் அனுமதியே தேவைப்பட்டதால், வழக்கு நேரடியாக அங்கேயே சென்றது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் ஒரு மரத்திற்கு 1 லட்சம் ரூபாய் என்ற கணக்கை ஏற்றுக்கொண்டது. மொத்தம் 4 கோடியே 54 லட்சம் ரூபாய். உரிமையாளர் தரப்பு வருத்தம் தெரிவித்துத் தொகையைக் குறைக்கக் கோரியபோதும் நீதிபதிகள் இணங்கவில்லை.

இங்கிலாந்தில் இந்தக் கணக்கை வேறொரு வழியில் உடைத்திருக்கிறார்கள். அங்கே பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்ட மரத்தை அழித்தால், 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின்படி விதிக்கப்படும் அபராதத்திற்கு இன்று உச்சவரம்பே கிடையாது. அதோடு, அந்தக் குற்றத்தால் குற்றவாளிக்குக் கிடைத்த அல்லது கிடைக்கக்கூடிய பண ஆதாயத்தைக் கணக்கில் எடுத்தே தொகையைத் தீர்மானிக்க வேண்டும் என்றும் சட்டம் நீதிமன்றத்தைப் பணிக்கிறது. தென்கடலோர நகரமான பூலில் ஒருவர் தம் வீட்டிலிருந்து தெரியும் காட்சியை மறைத்த பாதுகாக்கப்பட்ட மரத்தை வெட்டச் செய்தார். காட்சி திறந்ததால் வீட்டின் மதிப்பு எவ்வளவு உயர்ந்தது என்று கணக்கிட்டு, 75,000 பவுண்ட் அபராதத்துடன், குற்றத்தால் வந்த ஆதாயம் என்ற முறையில் 50,000 பவுண்டும் அவரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2013இல் அதை உறுதி செய்தது. வெட்டப்பட்டது ஒரே ஒரு மரம்!

உங்கள் ஒப்பந்ததாரருக்கும் ஒரு செய்தி உண்டு. வெட்டச் சொன்னவர், வெட்டுவதை அனுமதித்தவர், கோடரியைப் பிடித்தவர் ஆகிய எல்லோர் மீதும் வழக்குத் தொடரலாம் என்பதே பெரும்பாலான சட்டங்களின் நிலை. மரம் பாதுகாக்கப்பட்டது என்று தெரியாது என்று வாதிடுவதாலும் இங்கிலாந்தில் தப்ப முடியாது. அவர் தம்மையும் சேர்த்தேதான் இந்த யோசனையைச் சொல்கிறார் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி: தூர் அளப்பவர்

நான் மர மதிப்பீட்டுத் தொழிலில் இருக்கிறேன். மூன்றாவது ஐயத்திற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தூர் இருந்தால் எங்கள் வேலை எளிது. விட்டத்தை அளக்கலாம், வளையங்களை எண்ணலாம், பெரும்பாலான மரங்களின் இனத்தையும் கண்டறியலாம். மரத்தின் விட்டத்தை நின்ற நிலையில் மார்பு உயரத்தில் அளப்பதே வழக்கம். நாட்டைப் பொறுத்து இது தரையிலிருந்து 1.3 மீட்டர் முதல் 1.5 மீட்டர் வரை மாறும். அடிமரம் வேரை நோக்கி விரிவதால், தூரில் எடுக்கும் அளவு மார்பு உயர அளவைவிடப் பெரிதாகவே வரும். அனுமதியோடு வெட்டுபவருக்கு மரம் நிற்கும்போதே அளந்த சிறிய எண் கிடைக்கிறது. அனுமதியின்றி வெட்டியவரோ தூரின் அளவிலிருந்து பின்னோக்கிக் கணிக்கும் எண்ணை எதிர்த்து வாதாட வேண்டியிருக்கிறது. தொகை விட்டத்தையோ அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பையோ வைத்துக் கணக்கிடப்படும் இடங்களில் இது சிறிய வேறுபாடு அன்று. லண்டனில் உருவான ‘கேவட்’ என்னும் மதிப்பீட்டு முறை அடிமரத்தின் பரப்பிலிருந்தே தொடங்குகிறது. விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது என்பதால், ஒரு பெரிய மரத்தின் மதிப்பு பல சிறு மரங்களின் கூட்டு மதிப்பைத் தாண்டிவிடுவது அங்கே இயல்பு.

தூரைத் தோண்டி எடுத்துவிட்டால் கணக்கும் போய்விடும் என்பது வீண் நம்பிக்கை. செயற்கைக்கோள் படங்களும் வான்வழிப் படங்களும் ஆண்டுவாரியாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. மேலிருந்து பார்க்கும்போது தனித்து நிற்கும் முதிர்ந்த மரத்தின் கவிகை தெளிவாகவே தெரியும். தெருவிலிருந்து எடுக்கப்பட்ட படங்களும், அந்நிலத்திற்கு முன்பு கொடுக்கப்பட்ட விண்ணப்பங்களோடு இணைத்த வரைபடங்களும் அலுவலகங்களில் இருக்கும். இவை போதாதபோது, பக்கத்தில் வெட்டப்படாமல் நிற்கும் அதே வகை மரக்கூட்டத்தில் ஒரு பகுதியை எண்ணி, அதன் அடர்த்தியை வெட்டிய பரப்பிற்குப் பொருத்துகிறார்கள். சான்றை அழித்தவர் என்ற பெயரும் சேர்ந்துவிடுவதால், அந்த மதிப்பீட்டை எதிர்த்து வாதிடும்போது நீதிபதியின் பொறுமை சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனெனில் இத்தகைய ஒப்பந்ததாரர்களின் அடுத்த யோசனை அதுவாகத்தான் இருக்கும். மரத்தை வெட்டாமல், பட்டையை வளையமாக உரித்தோ, வேர்ப்பகுதியில் பள்ளம் தோண்டியோ, அடியைச் சுற்றி மண்ணைக் குவித்தோ பட்டுப்போகச் செய்வதும் பல சட்டங்களில் வெட்டுவதற்கு இணையான குற்றமே. கட்டுமானத் தளங்களுக்கான பிரித்தானியத் தர விதி, அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தை வேர்க் காப்புப் பகுதியாகக் கொள்கிறது. அரை மீட்டர் விட்டமுள்ள மரத்திற்கு எல்லாப் பக்கமும் 6 மீட்டர். கனரக இயந்திரம் அதற்குள் சில முறை சென்று வந்தாலே மண் இறுகி, மரம் சில ஆண்டுகளில் காயத் தொடங்கும்.

மறுமொழி: எல்லைக்கல்

இதுவரை எழுதியவர்கள் நில உரிமையாளரின் தரப்பைத் தொடவே இல்லை என்பதால் எழுதுகிறேன். அரசு கேட்கும் எந்தத் தொகையும் சரியானது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கான்டன் நகராட்சியில், எஃப்.பி. டெவலப்மென்ட் என்ற நிறுவனம் தனக்குச் சொந்தமான நிலத்தில் அனுமதியின்றி 159 மரங்களை அகற்றியது. விழுந்த மரங்களால் அடைபட்டிருந்த வடிகாலைச் சீர்செய்ததும் அந்த வேலையில் அடங்கும். நகராட்சியின் விதிப்படி அவற்றில் 14 மரங்கள் சிறப்பு மரங்கள். அவற்றுக்கு ஒன்றுக்கு மூன்றும் மற்றவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்றும் என 187 மரங்களை நட வேண்டும், இல்லையேல் மர நிதிக்கு ஏறத்தாழ 48,000 டாலர் செலுத்த வேண்டும் என்று கேட்டார்கள். நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 2021இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சியின் கோரிக்கை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மரங்களைக் காப்பது நியாயமான நோக்கம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பிட்ட நிலத்தில் நேர்ந்த பாதிப்பு என்ன, அதற்கு இந்த ஈடு பொருந்துமா என்பதைத் தனியே ஆராயாமல், பட்டியலைப் பார்த்து எண்ணிக்கையைப் பெருக்கித் தொகை கேட்டதை ஏற்கவில்லை. ஆகவே, கேட்ட தொகையைக் கட்டுவதற்கு முன் அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

மறுமொழி: வழக்குக்கட்டு

எல்லைக்கல் அவர்கள் சுட்டிய வழக்கு முக்கியமானதுதான். ஆனால் அதை உங்கள் ஒப்பந்ததாரர் படித்தால் தவறாகப் புரிந்துகொள்வார். அனுமதி பெற வேண்டும் என்ற கடமையை அந்தத் தீர்ப்பு நீக்கவில்லை. ஈடு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் முறையைத்தான் அது குறை கூறியது. அந்த நிறுவனம் வென்றது உண்மை. அந்த வெற்றிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடவும் நேர்ந்தது. கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டுமானத் திட்டத்தால் அதைத் தாங்க முடியுமா என்பதை உங்கள் பங்குதாரர்களே சொல்லட்டும்.

என் பார்வையில், அபராதத்தைவிட உங்களைத் தடுத்து நிறுத்த வேண்டியது இந்தக் காலதாமதம்தான். விதிமீறல் நிலுவையில் இருக்கும் நிலத்திற்குப் பல ஊர்களில் கட்டட அனுமதியையே நிறுத்திவைக்கிறார்கள், நடக்கும் வேலைக்கும் தடையாணை வருகிறது. ஒரு நாள் வேலை நின்றால் ஆகும் இழப்பை உங்கள் கணக்காளரிடம் கேட்டு, மாதங்களால் பெருக்கிப் பாருங்கள்.

முன்கூட்டியே வெட்டிவிட்டால் நிலம் மொட்டையாகத் தெரியும், ஈடு குறையும் என்ற எண்ணத்திற்கும் இங்கிலாந்தில் வழியை அடைத்துவிட்டார்கள். 2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ், விலக்கு பெற்றவை தவிர்த்த கட்டுமானத் திட்டங்கள் உயிர்ப்பன்மையைக் குறைந்தது 10 சதவீதம் உயர்த்தியாக வேண்டும். 2020 ஜனவரி 30 அல்லது அதற்குப் பின் உரிய அனுமதியின்றி நிலத்தின் மரங்களும் செடிகொடிகளும் அழிக்கப்பட்டிருந்தால், அழிப்பதற்கு முன் இருந்த நிலையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படும். வெட்டியவர் மரத்தையும் இழந்து, அது இருந்ததாகக் கருதிக் கணக்கும் கொடுக்க வேண்டும்.

மனைநாடி

விரிவான விளக்கங்களுக்கு அனைவருக்கும் நன்றி. மூன்றாவது ஐயம் முழுவதும் தெளிந்தது. இரண்டாவது ஐயம்தான் மீதமிருக்கிறது: வெட்டியவர் விற்பவராகவே இருந்து, நாங்கள் பிறகு வாங்கினால் எங்கள் நிலை என்ன?

மறுமொழி: வழக்குக்கட்டு

குற்றத்திற்கான தண்டனை குற்றம் செய்தவரைச் சேரும். மாற்று மரம் நடும் கடமை நிலத்தோடு சேர்ந்து வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் வாங்குபவர்கள் தவறுகிறார்கள். இங்கிலாந்துச் சட்டம் மாற்று நடவுக் கடமையை அந்தந்த நேரத்தில் நிலத்திற்கு உரிமையாளராக இருப்பவர் மீது வெளிப்படையாகவே சுமத்துகிறது. அவர் நடாவிட்டால், நட வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்பு நான்கு ஆண்டுகளுக்குள் அறிவிப்புக் கொடுக்கலாம். அது உங்கள் கட்டட வரைபடத்தின் நடுவில் வந்து விழக்கூடும், ஏனெனில் மாற்று மரம் பெரும்பாலும் அதே இடத்தில் நடப்பட வேண்டும். மேலும், விற்பவர் உங்கள் வேண்டுகோளின்படி வெட்டினார் என்பதற்கு ஒரு குறுஞ்செய்தி கிடைத்தாலும், நீங்கள் வெறும் வாங்குபவராக இருக்க மாட்டீர்கள். இந்தத் திட்டத்தில் மறைந்திருக்கும் பெரிய ஆபத்து இதுதான்.

எனவே, மரங்கள் நிற்கும் நிலையிலேயே கிரயத்தை முடிக்கப் பாருங்கள். அனுமதி கிடைத்தால் மட்டுமே விற்பனை செல்லும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கையெழுத்திடுவதற்கு முன் தேதியிட்ட படங்களோடு ஒரு மரக் கணக்கெடுப்பை எடுத்து, இரு தரப்பும் ஒப்பமிட்டு இணைத்துவிடுங்கள். அதற்கு முன் வெட்டப்பட்டவற்றால் வரும் எந்தச் செலவையும் விற்பவரே ஏற்க வேண்டும் என்ற உறுதிமொழியையும் பெறுங்கள்.

மறுமொழி: தூர் அளப்பவர்

கணக்கெடுப்பில் ஒவ்வொரு மரத்திற்கும் எண், இனம், விட்டம், உடல்நிலை ஆகிய நான்கும் இருக்கட்டும். உளுத்துப்போன அல்லது சாயும் நிலையில் உள்ள மரங்களைத் தனியே குறித்தால் அவற்றுக்குப் பல இடங்களில் அனுமதி விரைவாகக் கிடைக்கும். சில இடங்களில் தகவல் தெரிவித்தாலே போதும். கட்டடத்தைச் சில மீட்டர் நகர்த்தினால் எத்தனை மரங்கள் தப்பும் என்பதையும் அந்த வரைபடமே காட்டிவிடும், விண்ணப்பத்தில் அலுவலர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

அனுமதி கையில் வந்த பிறகும் வெட்டும் நாளுக்கு முன் கிளைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பறவைகள் முட்டையிட்டிருக்கும் கூட்டை அழிப்பது பல நாடுகளில் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். மரம் வெட்டும் அனுமதி அதற்குச் செல்லாது. கூடு இருந்தால் குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்த மரத்தை மட்டும் விட்டுவைத்து, மற்ற வேலைகளைத் தொடரலாம்.